தம்பிக்கு, மருமகன் விஷயமாக

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நேற்று ராத்திரி நீ பாதிப் பேச்சில் போனை வைத்ததுமே உன் மகன், என் மருமகன், பக்கத்தில் வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை. அவன் காதில் அரைகுறையாக விழுகிற மாதிரி இதையெல்லாம் பேசக் கூடாது. அதனால் எழுதிவிட்டேன். நாளைக் காலை திருச்சுழிக்கு வருகிற உன் மச்சினனிடம் கொடுத்தனுப்புகிறேன். காட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படி. ராத்திரி உன் சம்சாரத்துக்கும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

நீ கேட்டது ஒன்றுதான். "வார்டுல சேக்கணுமாக்கா, இல்ல மாத்திர வாங்கிக் குடுத்து வீட்டுலயே பாத்துக்கலாமா?" பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குச் சேர்க்கத்தான் வேண்டும். அது இரண்டு வாரமோ நாலு வாரமோ. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஓ.பி.க்கு அலைய வேண்டியிருக்கும். உன்னிடம் இருக்கிற பணம், பொறுமை, சொந்தக்காரர் ஒத்தாசை எல்லாவற்றையும் முதல் இரண்டு வாரத்திலேயே செலவழித்துவிடாதே என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் கொட்டித் தீர்த்த மழையை நம்பி நம் மானாவாரிக் காட்டில் யாரும் வெள்ளாமை எடுத்ததில்லை.

மனநல வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் நான் கண்டது இது. சேர்க்கும்போது வேன் பிடித்துப் பத்துப் பேர் வருவார்கள். நகையை அடகு வைத்த பணம் மடியில் இருக்கும். ஆறு மாதம் போனதும் மாத்திரை வாங்க அம்மா மட்டும் வருவார். ஒரு வருஷத்தில் அவரும் நின்றுவிடுவார். பையன் நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் எதற்கு மாத்திரை என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் அதே வேன், அதே பத்துப் பேர், முன்னைவிட மோசமான நிலையில் அதே பையன்.

சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் நீ சொன்னதிலேயே இருக்கிறது. பல ராத்திரியாகத் தூக்கமில்லை. சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். யாரோ காதில் பேசுகிறார்கள், கண்மாய்க்குப் போகச் சொல்கிறார்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். டவுனில் வாங்கிய மாத்திரையைத் தொழுவத்துக்குப் பின்னால் துப்பியிருக்கிறான். சாப்பாடு இறங்காமல் கிடப்பது, காதில் கேட்கிற குரல் எதையாவது செய்யச் சொல்வது, தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து இருப்பது, மருந்து உள்ளே போகாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலே டாக்டர் வார்டைப் பற்றி யோசிப்பார். நம் பிள்ளைக்கு எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. அதோடு, இது என்ன நோய் என்று இன்னும் யாரும் தீர்மானமாகச் சொல்லவில்லை. மூளைக்காய்ச்சலும் தைராய்டு கோளாறும் கஞ்சாவும்கூட இப்படிக் காட்டும். வார்டில் இருந்தால் ரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் தலையை ஸ்கேன் செய்து பார்த்துவிடுவார்கள். திருப்பூரில் இருந்தபோது கஞ்சா பழக்கம் உண்டா என்று அவன் கூட்டாளியிடம் விசாரித்து வை. கோபப்படாமல் கேள். டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இதே பிள்ளை சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டு, கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "எனக்கு என்னமோ பண்ணுது அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தால், வார்டு வேண்டாம், ஓ.பி. போதும் என்று நானே சொல்லியிருப்பேன். மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான்.

பெரியப்பா சொன்னதாக ஒன்று சொன்னாய். ரமணர் பிறந்த மண், பிள்ளை மௌனத்தில் இருக்கிறான், யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. பெரியப்பா மனசில் இருக்கிற பக்தி எனக்குத் தெரியும். நானும் 1879-ல் அவர் பிறந்த அந்த வீட்டு வாசலில் விழுந்து கும்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் மருமகன் முகத்தை உற்றுப் பார். அவன் இருப்பது பயத்தில். சோற்றைக் கண்டால் நடுங்குகிற பிள்ளையை, ராத்திரி முழுக்கக் கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, தவசி என்று சொல்லித் தனியே விட்டுவிட வேண்டாம். பெரியப்பாவிடம் நான் வந்து பேசுகிறேன்.

உன் மாமியார் வீட்டார் ஏர்வாடிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் என்றாய். தர்காவுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். எல்லா மதத்து சனமும் போய் ஆறுதல் தேடுகிற இடம் அது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 உனக்கு மறந்திருக்காது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். விடிகாலையில் அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டிக்கிடந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரையும் ஒரு தாயோ அண்ணனோ, நல்லாகி வரட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அரசு அந்தக் காப்பகங்களை இழுத்து மூடி, உள்ளே இருந்த ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தது. பின்னாளில் தர்காவிலேயே மனநல டாக்டர் உட்கார்ந்து பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஓதுவது ஓதட்டும், மருந்தும் போகட்டும் என்று.

கோயில், தர்கா எல்லாம் வீண் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. 2002-ல் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் நம் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். அங்கே வந்து தங்கிய 31 பேரை டாக்டர்கள் வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தார்கள். நோயின் கடுமையை அளக்கிற அளவுகோலில் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. கோயில் வளாகத்தில் தங்குவது, கூட ஒரு சொந்தக்காரர், கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சின்னச் சின்ன வேலை, யாரும் ஏசாத இடம். நல்ல வார்டு செய்வதில் ஒரு பாதி இதுதானே. மறுபாதி மருந்து. மருமகனுக்கு இப்போது இரண்டு பாதியும் வேண்டும். அம்மா கோடாங்கியிடம் குறி கேட்டுத் திருநீறு வாங்கி வந்தால் நெற்றியில் பூசிவிடட்டும். குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொள்ளட்டும். சவுக்கால் அடிப்பது, மிளகாய் வற்றல் புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, இதில் எது வந்தாலும் நீ குறுக்கே நில்.

உன் சம்சாரம் "எம்பிள்ளயக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறீகளா" என்று அழுதாளாமே. அவள் பயம் நியாயமானது. உள்ளே போனால் திரும்பாது என்று சனங்கள் பேசிய காலம் உண்டு. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியிலேயே 1961-ல் பொறுப்பேற்ற சாரதா மேனன் அம்மா ஓ.பி. தொடங்கினார், உள்ளே இருந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு திறக்கும் ஏற்பாடு வந்ததும் அவர் காலத்தில்தான். 1984-ல் மனநோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கி, 2021-ல் சாகும்வரை இதே வேலையாக இருந்தார். இன்றைக்கு நாம் சென்னைக்கு ரயில் ஏறாமல் மதுரையிலும் விருதுநகரிலும் பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால், அவரைப் போன்றவர்கள் போட்ட பாதை அது.

மதுரைப் பெரியாஸ்பத்திரி வார்டு ஒரு பொது ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற வார்டு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் படுத்திருக்கிற அதே வளாகம். கூட ஒருவர் தங்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பாகாயம் மனநல மையத்தில் 1957 முதலே நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்துப் பார்க்கிறார்கள். அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தைத் தங்கவைத்தார். வெளிநாட்டுக்காரர் பூட்டிவைத்துப் பார்த்த நோயை நம் ஆட்கள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இது சாதாரண விஷயம் என்று நினைக்காதே. வீட்டார் கூட இருந்து கற்றுக்கொண்டு போவதுதான் பின்னால் ஓ.பி. காலத்துக்குக் கைகொடுக்கும்.

சட்டமும் மாறிவிட்டது. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் அமலுக்கு வந்தது. மருமகன் தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், சொந்த விருப்பத்தில் சேர்ந்த நோயாளி. போகிறேன் என்று கேட்டால் விடவேண்டும். சம்மதிக்கிற நிலையில் அவன் இல்லையென்றால் அவனுக்காக நிற்கிற ஆள் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மனநல டாக்டரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்து ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் 30 நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது. மேலே வேண்டுமென்றால் மறுபடி பரிசோதனை, மறுஆய்வு வாரியத்துக்கு எழுத வேண்டும். சங்கிலி போடுவது குற்றம். உன் சம்சாரத்திடம் இந்த ஒன்றை அழுத்திச் சொல்: பிள்ளையை யாரும் பிடித்து வைத்துக்கொள்ளப் போவதில்லை.

வார்டில் என்ன நடக்கும் என்று கேட்டாயே. சேர்த்ததும் பெல்ட், அரைஞாண் கயிறு, கத்தி, பிளேடு, கண்ணாடிப் பாட்டில் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். அவமானப்படுத்துவதற்கு இல்லை. அந்தக் கயிறே சிலருக்கு எமனாகிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் ஊசியிலும் மாத்திரையிலும் நன்றாகத் தூங்குவான். "பிள்ளய மயக்கத்துலயே போட்டுட்டாக" என்று அவன் அம்மா அழுவாள். பல நாள் தூங்காத மூளைக்கு அந்தத் தூக்கமே முதல் மருந்து. சாயங்காலம் மாத்திரை நேரம் வரும். தட்டில் பெயர் எழுதிய குப்பிகளோடு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வருவார். மாத்திரையை வாயில் போடச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பேச்சுக் கொடுப்பார். "என்ன சாப்பிட்ட? யாரு வந்தா?" பதில் சொல்லும்போது நாக்கு தூக்குகிறதா, கன்னத்தில் மேடு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். நானும் அப்படித்தான் பார்ப்பேன். வாயைத் திற என்று அதட்டினால் மறுநாள் அவன் நம்மை எதிரி என்று எடுத்துக்கொள்வான். இந்தப் பழக்கத்தை நீயும் உன் சம்சாரமும் அங்கேயே கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை கரண்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மிரளாதே. எல்லாருக்கும் வைப்பதில்லை. சாப்பிடாமல், பேசாமல், கல் மாதிரி ஆகிவிட்டவர்களுக்கும், சாவதிலேயே குறியாக இருப்பவர்களுக்கும் அது உயிர்காக்கிற சிகிச்சை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கட்டிவைத்து அலறவிடுவது கிடையாது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு படுக்கவைப்பார்கள். கையில் ஊசி போட்டதும் தூங்கிவிடுவான். கால் கட்டைவிரல் கொஞ்சம் துடிக்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். அரை மணியில் கண் விழித்து டீ கேட்பான். சில நாளைய ஞாபகம் மங்கலாகும், பெரும்பாலும் திரும்பிவிடும். நான் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சோற்றைத் தொடாமல் எலும்பாகக் கிடந்த ஒரு பெண் சில தடவைக்குப் பிறகு தானே எழுந்து தலைவாரிப் பின்னிக்கொண்டதைப் பார்த்த நாள் என் சர்வீஸிலேயே நல்ல நாள்.

சரி, டிஸ்சார்ஜ் ஆகி வருகிறான். எல்லாரும் பெருமூச்சு விடுகிற அந்த நாளில்தான் உனக்கு வேலை ஆரம்பம். வார்டை விட்டு வந்த முதல் மூன்று மாதம் மிகவும் ஆபத்தான காலம். தற்கொலை அந்தக் காலத்தில்தான் அதிகம். புத்தி தெளியத் தெளிய, நடந்ததெல்லாம் நினைவுக்கு வரும், ஊர் என்ன பேசும் என்று வெட்கம் வரும். உன் வீட்டுப் பரணில் பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா இருக்கிறதே, அதை அவன் வருமுன் அப்புறப்படுத்து. மறைத்துவைத்தால் போதாது, வீட்டிலேயே இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்தில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமார் என்ற டாக்டர், பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கச் செய்து பார்த்தார். பாங்க் லாக்கர் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி. அந்த ஊர்களில் சாவு குறைந்தது. கையெட்டும் தூரத்தில் மருந்து இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் மனசு மாறிவிடுகிறது, தம்பி. உன் மச்சினன் கடையில் பூட்டி வைக்கச் சொல். தினம் பார்க்கிற இடத்தில் 14416 என்ற எண்ணை எழுதி ஒட்டு. டெலி மானஸ், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

ஓ.பி. நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூட்டம் இருக்கும். டாக்டர் உன் பிள்ளைக்குக் கொடுக்க முடிகிற நேரம் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தில் நீ "பரவால்ல சார்" என்றால் போன மாதச் சீட்டே திரும்ப எழுதப்படும். அதனால் ஒரு நோட்டு வாங்கு. வாரம் ஒரு தடவை நாலு வரி எழுது: எத்தனை மணி தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், தானாகக் குளித்தானா, தனியாகப் பேசினானா, எந்த வேளை மாத்திரை விட்டுப்போனது. டாக்டர் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து வை. பிள்ளை எதிரிலேயே அவன் குறையைப் படிக்காதே. நோட்டை நீட்டு, அவரே பார்த்துக்கொள்வார். அவன் தனியாக டாக்டரிடம் பேச விரும்பினால் நீ வெளியே வந்துவிடு.

மாத்திரை ஆரம்பித்த நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகினாலோ, வாய் கோணினாலோ, பேய் மறுபடி வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. கை நடுக்கம், வாயில் எச்சில், கால் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருப்பது, எடை கூடுவது, இதெல்லாம்கூட வரலாம். ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு, டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார், அளவைக் குறைப்பார். நீயாக நிறுத்தாதே. முதல் தடவை வந்த நோய் என்றாலும் நன்றான பிறகு குறைந்தது ஒன்றிரண்டு வருஷமாவது மாத்திரை போக வேண்டும். துப்புகிற பழக்கம் தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது. அதைக் கேள். மகனும் அப்பாவும் தினம் மாத்திரைக்காகச் சண்டை போடுவதை அது நிறுத்திவிடும்.

நம் வெயிலைப் பற்றி ஒன்று. இங்கே தறி நெய்கிற ஒரு அம்மா, மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கு லித்தியம் சாப்பிட்டு வருஷக்கணக்கில் நன்றாக இருந்தார். ஒரு சித்திரையில் வயிற்றுப்போக்கு. தகரக் கூரைக்கடியில் வேர்வை வேறு. தண்ணீர் குடிக்காமல் தறியை விட்டு எழாமல் இருந்திருக்கிறார். கை உதறல், நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல். வீட்டில் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் லித்தியத்தின் அளவு ஏறிக்கிடந்தது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் தேங்கிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற வலிமாத்திரையும் அதே வேலையைச் செய்யும். மருமகனுக்கு லித்தியம் எழுதுவார்களோ இல்லையோ தெரியாது. எழுதினால் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது, தண்ணீரும் மோரும் நிறைய குடிக்க வேண்டும். மற்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் உச்சிவெயில் ஆகாது. மிளகாய்ச் செடிக்குக் களை எடுக்க அவனை மத்தியானத்தில் அனுப்பாதே. காலையிலும் சாயங்காலமும் வேலை கொடு. வேலை அவனுக்கு அவசியம்.

வீட்டுப் பேச்சைப் பற்றி உன் சம்சாரத்துக்கும் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குத்திக் குத்திப் பேசுகிற வீட்டில் இந்த நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று லண்டனிலும் ஆராய்ந்து கண்டார்கள், நம் சண்டிகரிலும் பார்த்தார்கள். "ஒன்னால மானம் போச்சு", "சோம்பேறி", "அவன் மகன் பாரு எஞ்சினியர் ஆயிட்டான்", இந்த மூன்றும் வேண்டாம். அதேபோல, குளிப்பாட்டி ஊட்டிவிட்டுக் கைக்குழந்தையாகவும் ஆக்கிவிடாதீர்கள். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது வந்து சொன்னால் என்னிடம் அனுப்பு. ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கை மருந்து இல்லை.

நோய் தணிந்து அவன் நிதானமாக இருக்கிற ஒரு நாளில், மறுபடி இப்படி வந்தால் உனக்கு என்ன செய்ய வேண்டும், யாரை நம்புவாய், எந்த ஆஸ்பத்திரி என்று அவனையே கேட்டு எழுதி வாங்கி வை. அப்படி முன்கூட்டி எழுதிவைக்கிற உரிமையையும் அந்த மனநலச் சட்டம் தந்திருக்கிறது. அவன் வாயால் "அத்தைய கூப்பிடுங்க" என்று எழுதினால் நான் எங்கிருந்தாலும் வருவேன்.

தூரத்தைப் பற்றி நீ கவலைப்பட்டாய். உன் ஊரிலிருந்து திருச்சுழி, அங்கிருந்து அருப்புக்கோட்டை, பிறகு மதுரை. ஒரு நாள் கூலி போய்விடும், உண்மை. நம்மைப் போலவே வறண்ட புதுக்கோட்டைச் சீமையில் 2010-லிருந்து ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸை விட்டது. அதில் டி.வி.யில் சென்னை டாக்டர் தெரிவார், பேசுவார், மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும். நரிக்குடி, திருச்சுழிப் பக்கமும் அப்படி ஒன்று ஓட வேண்டும் என்று நான் பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நடத்திய தேசிய ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. மனநோய் உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று அதில் வந்தது. அந்த எண்ணுக்குள் நம் கரிசல் காட்டு ஊர்களில் எத்தனை வீட்டுப் பின்கட்டு இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அப்படி ஒரு பஸ் வரும்வரை நாம் இப்படிச் செய்வோம். சேர்ப்பது மதுரையில். டிஸ்சார்ஜ் ஆனதும் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு மாதாமாத ஓ.பி.யை விருதுநகர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறைவைத்து வருவார். நாள் எப்போது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.

புதன்கிழமை போவோம். கல்யாண வீட்டுக்கு, கோயிலுக்கு என்று பொய் சொல்லிக் கூட்டி வராதே. ஒரு தடவை ஏமாற்றினால் பிறகு எந்த டாக்டரையும் நம்ப மாட்டான். "தூக்கம் வரலல்ல, அதுக்கு அத்தையோட போயி டாக்டரப் பாப்போம்" என்று சொல். அவன் ஒத்துக்கொள்கிற உண்மை தூக்கம் ஒன்றுதான். கையைக் கட்டாதே. ரொம்ப முரண்டு பிடித்தால் 108-ஐக் கூப்பிடு, எனக்கும் சொல். ஆதார், ரேஷன் கார்டு, டவுனில் எழுதிய பழைய சீட்டு, மிச்ச மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் போடு. இரண்டு வேட்டி, ஒரு போர்வை, தட்டு, டம்ளர். ஆண்கள் வார்டில் ராத்திரித் துணைக்கு ஆண்தான் இருக்க முடியும். நீயும் மச்சினனும் முறை போட்டுக்கொள்ளுங்கள். பகலில் நான் இருக்கிறேன்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு நிற்பேன். மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸில் கோரிப்பாளையம் போனால் நடக்கிற தூரம். இட்லி நான் கொண்டுவருகிறேன். அவன் கண்ணெதிரில் அதே பொட்டலத்தில் நானும் எடுத்துச் சாப்பிடுகிறேன், ஒரு வாய் இறங்கினாலும் போதும். மாட்டை விற்காதே. பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டாலும் பிடி கொடுக்காதே. பால் பணம் உனக்கு அடுத்த ஆவணியிலும் ஓ.பி. பஸ்ஸுக்கு வேண்டும். அவசரச் செலவுக்கு என் பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிதம் கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. நீ தனியாக இருக்கும்போது கொடு, நான் திருப்பிக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா